துரையின் நாய்க்குப் பச்சைக்கறி

போனில் பேசும்போது எழுந்து நிற்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒருவரோடு நான் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வேறு யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் ஈஸிசேரில் காலை நீட்டிக்கொண்டுதான் பேசுவார். ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய துரை கூப்பிட்டால் மட்டும், மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நிற்பது மாதிரி விறைப்பாக நிற்பார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு இவர் நிற்கிறாரா படுத்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

"உக்காந்துதான் பேசுங்களேன். அவருக்கென்ன தெரியவா போகுது?" என்பேன்.

"எனக்குத் தெரியும்ல" என்பார்.

நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் டீமேக்கர். கொழுந்து ஃபாக்டரிக்குள் வந்து தூளாகி மூட்டைக்குள் போகும்வரை அவர் பொறுப்பு. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஃபாக்டரிக்குப் பின்னால் ஒரு குவாட்டர்ஸ்; ஒரே மகள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். அவர் சொல்வது மலை வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவிடம் வரும், அவரிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து ஆட்களுக்கு. கீழே வந்து சேரும்போது 'செய்' மட்டும்தான் இருக்கும். 'ஏன்' என்பது மேலேயே எங்கேயோ தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளை ஏன், எதற்கு என்று கேட்கச் சொல்லிப் பழக்கினேன். என் வீட்டுக்குள் அது எடுபடவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவருடைய விசுவாசத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. தொண்ணூறுகளில் ஒரு நாள், தூள் காய வைக்கிற இயந்திரத்தில் நெருப்புப் பிடித்துப் பாதி ஃபாக்டரி கருகிவிட்டது. சூட்டைக் கூட்டி வைத்தது இவர்தான். கொழும்பிலிருந்து வந்தவர்கள் டீமேக்கரை வேலையை விட்டு நிறுத்தத்தான் வந்தார்கள். துரை, "கூட்டச் சொன்னது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உண்மையில் துரை அன்றைக்குத் தோட்டத்திலேயே இல்லை, வெலிமடையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். அந்த ஒரு பொய்யில் எங்கள் சோறு தப்பியது. அதற்கப்புறம் துரை கிணற்றில் குதிக்கச் சொன்னால், "எந்தக் கிணத்துல சார்?" என்று மட்டும்தான் இவர் கேட்பார்.

துரைக்கு வயதாகி, மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போகிற நாள் வந்தது. தளபாடங்களை விற்றார், காரை விற்றார். நாயை மட்டும் விற்க மனம் வரவில்லை. கறுப்பும் பழுப்புமாக ஓர் அல்சேஷன். துரைசானி அம்மா இறந்துபோன வருஷம் வாங்கிய குட்டி. அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. எங்கள் வாசலுக்கே நடந்து வந்து, கயிற்றை இவர் கையில் கொடுத்து, "ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், டீமேக்கர்" என்றார். எங்கள் ஆள் தேம்பித் தேம்பி அழுதார். நாய் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என் செம்பருத்திச் செடியில் காலைத் தூக்கியது.

நான் கத்தினேன். எனக்கு நாய் என்றால் ஆகாது. சாமி கும்பிடுகிற வீடு, வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லாத வீடு, முடி உதிர்கிற மிருகத்தை எங்கே வைப்பது? "நாய் வேஷம் போட்டாச்சு, குரைச்சுத்தான் ஆகணும்" என்றார் இவர். அப்படி என்றால் நீங்கள் குரையுங்கள், என்னை ஏன் இழுக்கிறீர்கள் என்றேன்.

நாயோடு கூடவே மூன்று பெரிய மூட்டைகள் வந்தன. உள்ளே சின்னச் சின்னக் காய்ந்த உருண்டைகள். எங்கள் தோட்டத்தில் நாய் என்றால் சோற்றுத் தண்ணீர், கருவாட்டுத்தலை, அதுவும் மிஞ்சினால். உருண்டைகளை எட்டிப் பார்த்த, வீடு கூட்ட வருகிற அக்கா, "என்னங்க டீச்சர் இது, ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கு? இதையா வெள்ளைக்கார நாயி திங்குது?" என்று கேட்டாள். அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் புழுக்கை பிடித்துப்போயிற்று. அவிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், நாற்றம் இல்லை. காலையில் ஒரு டின், பின்னேரம் ஒரு டின், கடகடவென்று கொட்டினால் வேலை முடிந்தது. மூட்டை தீர்ந்தால் இவர் பண்டாரவளைக்குப் போய் வாங்கி வருவார். நாயும் பரவாயில்லை. சொன்னதைக் கேட்டது. நான் கொப்பிகள் திருத்தும்போது மேசைக்கு அடியில் வந்து என் காலின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். முதலில் உதறினேன். பதுளைக் குளிர் எலும்பில் ஏறுகிற மார்கழியில் உதறுவதை நிறுத்திவிட்டேன்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை துரை கூப்பிடுவார். வயர் இல்லாத போன்கள் வீடுகளுக்கு வந்த புதிது. ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் எங்கள் போனுக்கு உயிர் வரும். இவர் எழுந்து நின்று, எஸ் சார், நல்லா இருக்கு சார் என்பார். கடைசியில் ரிசீவரை நாயின் மூக்குக்கு நேரே பிடிப்பார். அதற்குள்ளிருந்து துரை நாக்கைச் சொடுக்குகிற சத்தம் வரும். நாய் குரைக்காது. ரிசீவரைப் புஸ் புஸ்ஸென்று மோந்து பார்க்கும், அவ்வளவுதான். அந்த மூச்சைக் கேட்டதும், "குட் பாய், குட் பாய்" என்று துரையின் குரல் வரும். இவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது.

கடிதம் என்றால், தோட்டத்து ஆபீசுக்கு ஈமெயிலில் வந்து, கிளாக்கர் அச்செடுத்துக் கொடுத்த மூன்று பக்கம், முழுக்க இங்கிலீஷ். இவர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார், ஒவ்வொரு பந்திக்குப் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் சரி அடையாளம் போட்டார், துளை போட்டு ஒரு ஃபைலில் கோத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே பாக்கெட் சாப்பாடு கெடையாது. பச்சைக்கறி, பச்சை எலும்பு. அதுதான் நாய்க்கு நல்லதாம்."

"ஏனாம்?"

"தொரை சொல்லிட்டாரு."

"ஏன்னுதானே கேக்கறேன். மூணு பக்கம் எழுதியிருக்காரே, காரணம் ஒண்ணும் இல்லாமயா இருக்கும்?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? பச்சையாக் குடுன்னா பச்சையாக் குடுக்கணும்."

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். மெதுவாக வரும், ஆனால் வரும். அந்த ஃபைலை நான் அன்றைக்கே பிடுங்கி வாசித்திருக்கலாம். கோபத்தில், உங்கள் துரையும் நீங்களும் உங்கள் ஃபைலும் என்று விட்டுவிட்டேன்.

துரை மாட்டு எலும்பு என்று எழுதியிருந்தாராம். அது இந்த வாசலைத் தாண்டி வராது என்றேன். இவர் இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு, கோழிக் கழுத்தும் முதுகெலும்பும் ஈரலும் என்று மாற்றினார். துரையின் கட்டளையில் இவர் கை வைத்தது அந்த ஒரு தரம்தான். அதற்கே அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது கிழமைப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குள் கறி வராது. பௌர்ணமி வருகிற போயா தினத்தில் நாடு முழுக்க இறைச்சிக் கடை திறக்காது. எனக்குச் சஷ்டி விரதம் இருக்கிறது, இவருக்குச் சனிக்கிழமை விரதம் இருக்கிறது. நாய்க்கு ஒரு விரதமும் இல்லை. குளிர்பெட்டியின் மேல்தட்டில் சாமிக்கு வாங்கிய பாலும் கீழ்த்தட்டில் கோழிக் கழுத்தும் இருந்தால் அது குடும்பமா? சண்டை போட்டு, பின் விறாந்தையில் தனியாக ஒரு தகரப் பெட்டி, தனிக் கத்தி, தனி வாளி என்று ஏற்பாடு செய்தோம். தகரப் பெட்டியில் கறி ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்று தினமும் கடைக்கு ஆள் போக வேண்டியதாயிற்று.

இவர் செய்ததைப் பார்க்க வேண்டுமே. தேயிலைக்குச் செய்கிற அத்தனையையும் கோழிக் கழுத்துக்குச் செய்தார். ஃபாக்டரியில் தூள் நிறுக்கிற சின்னத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தார். வாட்டப் போட்ட கொழுந்தை அள்ளி மோந்து பார்ப்பது போலக் கறியை இரண்டு கையாலும் அள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். "நேத்தையது. சரியில்ல" என்பார். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

நாய்க்கு அது பிடிக்கவும் இல்லை. முதல் நாள் உருண்டையில் பாதியைக் குறைத்து, மேலே இரண்டு கழுத்தை வைத்தார். நாய் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, கழுத்தைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தது. நான் என்ன செய்ய? "என்னைப் பாக்காத, ஒன் தொரையப் பாரு" என்றேன். நாலாம் நாள் ஒன்றை வாயில் எடுத்தது. எடுத்ததே தவிர, தின்னவில்லை. அன்றைக்கு வியாழன். மறுநாள் காலை குளித்து விளக்கேற்றப் போகிறேன், சாமியறை வாசற்படியில், நான் கோலம் போடுகிற இடத்தில், ஒரு கோழிக் கழுத்து கிடக்கிறது! பக்கத்தில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் போட்ட கூச்சலில் ஃபாக்டரியிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து முடிக்க எனக்குப் பள்ளிக்கூடம் பிந்திவிட்டது.

கோழிக் கடைக்காரர் ஒரு நாள் என்னிடமே, "டீச்சர் வீட்ல தினமும் கழுத்தும் எலும்புமாவே வாங்குறீங்களே, கறி வாங்க மாட்டீங்களா?" என்று கேட்டார். நாய்க்கு என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் டீச்சருக்குச் சம்பளம் ஒழுங்காக வருவதில்லையாம் என்று ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பேச்சு. ஒரு பிள்ளையின் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, சங்கடத்தோடு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மானம் போயிற்று. பழம் நல்ல பழம்தான்.

ஒரு மாதத்தில் நாய் பழகிவிட்டது. பல் வெள்ளையாயிற்று, முடி மினுங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்து அதிகமாக வந்து, பின்னேரத்தில் இவரால் ஃபாக்டரியை விட்டு அசைய முடியவில்லை. "நாலு மணிக்கு நீ வச்சிரு. நிறுத்து வச்சிருக்கேன். பச்சையா" என்று சொல்லிவிட்டுப் போவார். தினமும் அந்தப் 'பச்சையா'வைத் தனியாக ஒரு தரம் சொல்வார்.

அப்போதுதான் கோழி காணாமல் போனது.

மேட்டு லயத்தில் ஒரு பெண், கையில் நாலைந்து இறகுகளோடு என் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய முட்டைக் கோழியாம். "ஒங்க நாயின்னு நான் சொல்லலீங்க டீச்சர். ஆனா பச்சைக்கறி தின்னு பழகின வாயி, ரத்த ருசி கண்டுருச்சுன்னா சும்மா இருக்குமா? இன்னைக்குக் கோழி. நாளைக்குச் சின்னப் புள்ளைங்க ஓடியாடுற எடம்..." என்று இழுத்தாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிற பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தேன். என் வாசல் வழியாகக் கத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் அவர்கள்.

இவரிடம் சொன்னேன். "கீரிப்புள்ளை புடிச்சிருக்கும். தொரை சொன்னதுல மாத்தம் கெடையாது" என்றார். அவித்தாவது கொடுப்போமே என்று கேட்டேன். "பச்சையா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கேட்ட கட்டளைகளில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு அந்தக் கழுத்துகளையும் முதுகெலும்புகளையும் ஒரு பழைய சட்டியில் போட்டு, மஞ்சள் தூள் கொட்டி, நன்றாக அவித்தேன். ரத்தவாடை போயிற்று. கையால் அழுத்தினால் எலும்பு பொறுக்கென்று உடைந்தது. பாவம், கடிக்க லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஆற வைத்து, நானே கையால் ஊட்டினேன். நாய் அப்படி ஓர் ஆசையாகத் தின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. தட்டை நக்கி, என் கையை நக்கி, மஞ்சள் பூசிய மூக்கோடு என்னைப் பார்த்தது. இவருக்குச் சொல்லவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாயின் மூக்கையும் துடைத்துவிட்டேன். மூன்று வாரம் இப்படி நடந்தது. துரைக்கும் டீமேக்கருக்கும் தெரியாமல் எனக்கும் நாய்க்கும் ஓர் ஒப்பந்தம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாய் வாசலுக்கு வரவில்லை. பின் விறாந்தையில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. கக்கியதில் ரத்தம் இருந்தது. வயிற்றைத் தொட்டால் அழுதது. அந்த நாய் அழுது நான் கேட்டதே இல்லை. இவரை ஃபாக்டரியிலிருந்து கூப்பிட்டு, ஒரு வேன் பிடித்து, என் பழைய சேலையில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் போனோம். வழியெல்லாம் இவர் துரையின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நம்பி விட்டுட்டுப் போனாரே, நம்பி விட்டுட்டுப் போனாரே என்று ஒரே பாட்டு. "வாயை மூடிக்கிட்டு வாங்க" என்றேன்.

மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியானவர். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"கோழி எலும்புங்க டொக்டர்."

"பச்சையோ, அவிச்சதோ?"

"பச்சைதாங்க!" என்றார் இவர். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை. "ஒரு நாளு தவறினதில்லைங்க. தொரையோட ஓடரு."

"பச்சை எண்டால் எலும்பில பிழை இருக்காது. தேயிலைக்கு அடிக்கிற மருந்து ஏதும் நக்கியிருக்கும். நஞ்சுக்கு ஊசி போட்டுப் பார்ப்பம்" என்று சொல்லி உள்ளே போனார்.

நான் அங்கேயே நின்றேன். நாயின் தலை என் கையில் இருந்தது. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. பக்கத்தில் இவர் நின்றார். எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேனோ தெரியாது. ஊசியில் மருந்து ஏற்றுகிற நேரமாக இருக்கலாம், அதைவிடக் கூடவும் இருக்கலாம். இன்றைக்கும் அந்த நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். டொக்டர் ஊசியோடு வந்து, போட்டு, பஞ்சை எடுத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"நான் அவிச்சுத்தான் குடுத்தேன் டொக்டர். மூணு வாரமா."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அவிச்சனீங்களோ? ஏனம்மா? பச்சை எலும்பு வளையும், நாய் அரைச்சுப்போடும். அவிச்ச எலும்பு ஊசி ஊசியாத் தெறிக்கும். அது குடலைக் குத்திப்போடும்." ஊசி ஏறிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாயின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வயிற்றைத் திறந்தார்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் முடிந்துவிட்டது. அதே வேனில், அதே சேலையில் சுற்றிக் கொண்டுவந்து, பின்பக்கம் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். குழி வெட்டியது இவர். நான் உதவிக்குப் போனேன், மண்வெட்டியைத் தரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் நான் நேரே அலுமாரிக்குப் போய் அந்த ஃபைலை எடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், எலும்பை ஒருபோதும் அவிக்கக் கூடாது, அவித்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும் என்று துரை எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்திலும் இவருடைய சிவப்புச் சரி இருந்தது.

"இதப் படிச்சீங்கல்ல?"

"படிச்சேன்."

"அட கடவுளே, படிச்சுட்டு ஏங்க எங்கிட்ட சொல்லல? இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தா நான் அடுப்பையே பத்த வச்சிருக்க மாட்டேனே! பச்சையா, பச்சையான்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னீங்களே, ஏன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன ஒங்க ஃபாக்டரியில வேலை செய்ற ஆளா?"

அடக்க முடியாமல் கத்தினேன். ஃபைலைத் தூக்கி எறிந்தேன். அவர் தாள்களைப் பொறுக்கி அடுக்கினார்.

"சொல்லியிருக்கணும்" என்றார். கடைசித் தாளையும் ஃபைலில் கோத்துவிட்டு, "நீயும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு போட்டு வைப்பேன், சாப்பிட்டுப் போவார். நான் கொப்பிகளை மேசையில் வைத்துத் திருத்தாமல் கட்டிலில் வைத்துத் திருத்தினேன். மேட்டு லயத்துப் பெண் ஒரு நாள் வந்து, காணாமல் போன கோழி தேயிலைச் செடிக்குள் அடைகாத்திருந்து பதினொரு குஞ்சுகளோடு வந்துவிட்டது என்று சொன்னாள். இறகு உதிர்ந்தது என்னத்தாலோ என்றாள். சந்தோஷம் அம்மா என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதத்தில் முதல் ஞாயிறு. காலையிலிருந்தே இவர் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இந்த மனிதருக்குத் துரையிடம் பொய் சொல்ல வராது. என் பெயரைச் சொல்லட்டும், நான் செய்ததுதானே என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன்.

போன் அடித்தது. சாரத்தை இறக்கிவிட்டு நின்றார்.

"எஸ் சார். கும்பிடுறேன் சார்." அப்புறம் ஒரு நீண்ட மூச்சு. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவை. "நல்லா இருக்கு சார். பச்சையாத்தான் சார். பல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு சார்."

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். இவர் கையை ஆட்டி, பேசாதே என்று காட்டினார். பிறகு அவர் முகம் மாறியது. துரை வழக்கமானதைக் கேட்டுவிட்டார். இவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தார். அங்கே ஒன்றும் இல்லை. சிமெந்துத் தரைதான் இருந்தது. ரிசீவருக்குள்ளிருந்து துரை நாக்கைச் சொடுக்கினார். ஒரு தரம், இன்னொரு தரம். பிறகு நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் போனேன். சேலையைத் தூக்கிக்கொண்டு, அம்பது வயதுப் பள்ளிக்கூட டீச்சர், தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ரிசீவரில் மூக்கை வைத்துப் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டேன்.

"குட் பாய்" என்றது துரையின் குரல், என் காதுக்குள். "குட் பாய். குட் பாய்."

போன் வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. இவர் வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் எனக்கு அப்போதுதான் வந்தது. அழுது மூக்கைச் சிந்தி முடித்த பிறகு, அவரைத் தேற்றத்தான் சொன்னேன்.

"விடுங்க. அவருக்கென்ன தெரியவா போகுது?"

"நமக்குத் தெரியும்ல" என்றார்.